மஞ்சள் தேய்த்த கல்

அந்தக் கல்லில் எழுத்து இருப்பதைக் காட்டிக்கொடுத்தது மழை.

முந்தைய நாள் சாயங்காலம் ஆரம்பித்துக் கொட்டித் தீர்த்துவிட்டுக் காலையில்தான் விட்டது. வழக்கம்போல் நடக்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால் பழைய ஓக் மரங்கள் நிற்கும் சின்னத் தோப்பு. அதன் ஓரத்தில், என் மனைவி செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் தேய்த்துக் கும்பிடுகிற கல் நின்றது. முழங்கால் உயரம் இருக்கும். மேலே பூசியிருந்த மஞ்சளை மழை கழுவிவிட்டிருந்தது. ஆனால் கல்லின் முகத்தில் அங்கங்கே கோடு கோடாக மஞ்சள் தங்கி நின்றது. கிட்டே போய்க் குனிந்தேன். கோடு இல்லை, எழுத்து.

சாமி கல்லில் இங்கிலீஷ் எழுத்து எதற்கு?

நாங்கள் டெக்சாசுக்கு வந்தது மகளின் பிரசவத்துக்கு. ஆறு மாத விசா. மகளும் மருமகனும் ஆஸ்டினிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் புது வீடு வாங்கியிருந்தார்கள். ஊர் என்றால் ஒரே ஒரு கடைத்தெரு. பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு தேவாலயம், கூரை விழுந்த ஒரு பருத்தி அரவை மில், சுற்றிலும் பருத்திக் காடு. அந்தக் காட்டில் ஒரு பகுதியை மட்டம் தட்டி, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்கத் தேவையில்லாத மாதிரி வீடுகளைக் கட்டியிருந்தார்கள். வெட்டாமல் விட்டது அந்தத் தோப்பை மட்டும்தான். ஏன் விட்டார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற நான் அதைக் கோட்டைவிட்டேன்.

மகளுக்கு முதல் முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது நாங்கள் ஈரோட்டில் இருந்தோம். போனில் அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. இந்த முறை எட்டு மாதம் நிறையப்போகிறது, ஆனால் பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஓய்வாக இருக்க வேண்டும், மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது. அவள் அலட்டிக்கொள்ளாமல்தான் இருந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் அலட்டிக்கொண்டிருந்தேன். விமானத்தில் வரும்போதே ஆரம்பித்துவிட்டது அது. பெட்டிக்குள் என் மனைவி வைத்திருந்த பிரசவ லேகிய பாட்டிலைப் பார்த்துவிட்டு, இது என்ன கறுப்பாக என்று ஏர்போர்ட்டில் பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தவன் நான். யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே மனைவி அந்தக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். மரத்தடியில், தனியாக, கிழக்கே பார்த்து நட்ட கல். சற்றுத் தள்ளித் துருப்பிடித்த இரும்பு வேலி ஒன்று. வேலிக்குள் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்ததால் பாம்புக்குப் பயந்து நாங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

“ஏனுங்க, இது சும்மா கெடக்கற கல்லு இல்லீங்க. நட்ட கல்லு. யாரோ கும்புட்டிருக்காங்க,” என்றாள்.

“அமெரிக்காக்காரன் எங்கெ கல்லைக் கும்புடப் போறான்?”

“அவனுக்கு முன்னால இருந்தவங்க கும்புட்டிருப்பாங்க. கோயிலுக்குப் போகணும்னா மாப்ள லீவு போட்டுக் காரு எடுக்கணும். இது நடந்து போற தூரத்துல இருக்குது. எதுக்குங்க விடறது?”

அடுத்த செவ்வாயே மஞ்சள், குங்குமம், சிவப்பு ரவிக்கைத் துணி எல்லாம் ஏறிவிட்டன. வேண்டுதலும் வைத்துவிட்டாள்: பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பேரப்பிள்ளைக்கு முதல் முடி இந்தக் கல்லின் முன்னால்தான். மகள் முதலில் சிரித்தாள். பிறகு, அம்மா கற்பூரம் காட்டும் நேரத்தில் பின்பக்க ஜன்னலோரம் வந்து நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். “அந்தத் தாயி பாத்துக்குவா கண்ணு” என்று இவள் சொன்னால், “ம்” என்று அவள் சொல்லுவாள். அந்த ‘ம்’முக்குப் பிறகு அவள் முகம் தெளிவதை நான் கவனித்திருக்கிறேன்.

இப்போது அந்தத் தாயியின் முகத்தில் எழுத்து.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் லாரி புக்கிங் ஆபீசில் காலம் தள்ளியவன், மூட்டைமேல் மங்கிய மார்க்கை எழுத்துக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. கூட்டிப் பார்த்தேன். எந்த வார்த்தையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷாக இல்லை. போனில் படம் பிடித்தால் தமிழில் காட்டும் என்று மருமகன் சொல்லிக்கொடுத்திருந்தார். பிடித்தேன். போன் கொஞ்ச நேரம் திணறிவிட்டு, இது ஜெர்மன் பாஷையா என்று அதுவே கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

‘இங்கே கடவுளில் ஓய்வெடுக்கிறாள்’ என்று வந்தது. கடவுள் என்ற சொல்லைக் கண்டதும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர். அதற்கும் அடுத்த வரி: ‘புதிதாய்ப் பிறந்த தன் மகனோடு.’

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது சமாதி. அதுவும் பிரசவத்தில் பிள்ளையோடு போனவளின் சமாதி. இவளிடம் போய்த்தான் என் மனைவி இத்தனை நாளும் மகளின் பிரசவத்தை ஒப்படைத்து வைத்திருக்கிறாள்.

போலீஸ் வரும், சமாதியை அசிங்கம் பண்ணியதாகக் கேஸ் போடுவார்கள், விசாவைக் கிழித்து அனுப்புவார்கள் என்றெல்லாம் ஓடியது. அதுகூட இரண்டாவது பயம்தான். மனைவிக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். அவள் முகத்தைப் பார்த்தே மகள் கண்டுபிடித்துவிடுவாள். மகளின் பிரஷர் என்னவாகும்? நான் பயந்தது அதற்குத்தான். பிள்ளை பிறக்கிற வரைக்கும் இது என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

எழுத்தை அழித்துவிடலாம் என்று அடுத்த நாள் ஒரு வாளித் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் எடுத்துக்கொண்டு போனேன். தேய்க்கத் தேய்க்க வெளிப்பக்கம் வெளுத்ததே தவிர, எழுத்தின் பள்ளத்தில் இருந்த மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். கல் மாவு மாதிரி உதிர்ந்து கையில் ஒட்டியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

அடுத்து வெள்ளிக்கிழமை. மனைவி தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு வேண்டாம்,” என்றேன். “அங்கெ பாம்பு பாத்தேன்.”

“நெசமாவா?” அவள் கண் விரிந்தது. “கல்லுக்குப் பக்கத்துலயா?”

“பக்கத்துலதான்.”

“அப்பறம் என்னங்க? சாமி இருக்கற எடத்துல பாம்பு இருக்காதா? இருங்க, ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கறேன்.”

இதற்கு மேல் என்ன பொய் சொல்வது? பின்னாலேயே போனேன். அவள் கல்லைக் கழுவினாள். எழுத்தின்மேல் விரல் ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி போடாமல் வந்திருந்தாள். கொழகொழவென்று குழைத்த மஞ்சளை அப்பியதும் எழுத்து மறைந்துவிட்டது. அவள் கண்ணை மூடி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: “எம்புள்ளைக்கு நீதான் தாயி.” நிமிர்ந்தால் ஜன்னலில் மகள்.

அன்று மத்தியானம் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தார்.

“மாமா, எச்.ஓ.ஏ.லேர்ந்து மெசேஜ். நாளைக்கு நம்ம வீட்டுப் பின்னாடி தோப்புல பார்க்கிங் இருக்குமாம். பழைய ஃபேமிலிங்க எல்லாம் வர்றாங்களாம், வருஷா வருஷம் வந்து க்ளீன்...” என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எச்.ஓ.ஏ. என்பது இந்த வீடுகளுக்கான சங்கம். புல் ஒரு விரல் அதிகம் வளர்ந்தாலும் கடிதம் போடுகிறவர்கள்.

“மாப்ளே, கராஜுக்கு வாங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் பாக்கணும்,” என்று இழுத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டுப் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் படித்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“சாரி மாமா. அங்க கல்லறை இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். வீட்டை ரிஜிஸ்டர் பண்ணும்போதே பேப்பர்ல போட்டிருந்தான். வேலிக்குள்ள மட்டும்தான்னு நெனச்சோம். அத்தை கும்புடற கல்லு வெளியில இருக்கே, அது சும்மா பவுண்டரி கல்லுன்னு...”

“சுடுகாட்டுக்குப் பக்கத்துல வீடுன்னு தெரிஞ்சே வாங்குனீங்களா?”

“அதனாலதான் மாமா உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க தூங்குவீங்களா?”

தூங்க மாட்டேன்தான். “எம்பொண்ணுக்கு இந்தக் கல்லைப் பத்தித் தெரியுமா?”

“வேலிக்குள்ள இருக்கறது தெரியும். இது தெரியாது. தெரியவே கூடாது மாமா. நேத்துக்கூட பிரஷர் ரீடிங் அதிகம்.”

அவர்கள் வந்ததும் முதலில் நாமே போய் மன்னிப்புக் கேட்டு, சத்தமில்லாமல் முடித்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். மனைவியையும் மகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

சனிக்கிழமை காலையில் பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, புல் வெட்டுகிற மெஷின் எல்லாம் இறங்கின. வாக்கிங் போகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் மருமகனும் வேகமாக நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கல்லைப் பார்த்துவிட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் சிவப்புத் துணியுமாக நிற்கிற கல்லைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில், தொப்பி போட்ட உயரமான கிழவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மருமகன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ‘சாரி’ என்ற சொல் பலமுறை வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கிழவர் என்னைப் பார்த்தார், பதிலுக்குத் தலையாட்டவில்லை. கல்லைக் காட்டி, கடுப்பாக ஒரு வார்த்தை கேட்டார்.

“எதைப் பூசினீங்கன்னு கேக்கறார் மாமா. பெயின்ட்டான்னு.”

“மஞ்சள்னு சொல்லுங்க. சமையலுக்குப் போடறதுதான்னு சொல்லுங்க. வேணும்னு பண்ணலைன்னு சொல்லுங்க மாப்ளே.”

அப்போது கூட்டத்தில் இருந்த ஒரு பெண், கிழவருக்குத் தங்கை மகளாம், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லில் மெதுவாக ஊற்றினாள். புது மஞ்சள் வழிந்து இறங்கியது. எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. அவள் ஐயோ என்பது மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் கைத்தடியைப் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். எழுத்தின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

பிறகு அவர் பேசப் பேச மருமகன் எனக்குச் சொன்னார். இந்த ஊரின் முதல் குடும்பம் இவர்களுடையது. கடல் கடந்து வந்து, துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் சாமான்களோடு இங்கே சேர்ந்தபோது வீடு கிடையாது, கிணறு கிடையாது. இந்த ஓக் மரத்தடியில்தான் முதல் குளிர் காலத்தைக் கழித்திருக்கிறார்கள். வந்தவனின் மனைவி நிறைமாதம். மரத்தடியிலேயே பிரசவ வலி வந்து, தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். சுடுகாடு என்று ஒன்று அப்போது இல்லை, ஊரே இல்லையே. இருந்த இடத்திலேயே புதைத்தார்கள். அவன் அப்புறம் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டான். நிலம் திருத்திப் பருத்தி போட்டார்கள், தேவாலயம் வந்தது, மில் வந்தது, வேலி போட்ட கல்லறையும் வந்தது. கடைசியில் ரயில் பாதையை வேறு ஊர் வழியாகப் போட்டதில் கடைகளும் ஆட்களும் அங்கே போய்விட்டார்கள்.

“இவங்க எல்லாருமே அந்த ரெண்டாவது சம்சாரத்தோட வம்சமாம் மாமா. முதல் சம்சாரத்தை எங்க பொதச்சாங்கன்னு இவங்களுக்குத் தெரியாதாம். எழுத்து தேஞ்சுபோய் இது வெறும் கல்லுன்னு நெனச்சிருந்தாங்களாம்.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போலீஸ் இல்லை. இனி நைசாக நழுவிவிட வேண்டியதுதான் என்று திரும்பினால், தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு என் மனைவி வந்துகொண்டிருந்தாள். கையில் சர்க்கரைப் பொங்கல் பாத்திரம். பின்னால், இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு மகள்.

“சாமி பாக்க இத்தனை பேரு வந்திருக்காங்க, நீங்க சொல்லவே இல்லீங்களே!” என்றாள் மனைவி.

“நீ எதுக்கு இவளையும் கூட்டிட்டு வந்தெ? வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்,” என்று கத்திவிட்டேன். நான் கத்துகிற ஆள் இல்லை. அதிலேயே மகளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். கிழவரின் தங்கை மகளும் இவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சங்கடமாகக் கண்ணைத் தாழ்த்தினாள். மகள் நேராக அவளிடம் போய் இங்கிலீஷில் கேட்டாள். மருமகன் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். “வெயிட். அவங்க சொல்லட்டும்,” என்று தடுத்துவிட்டாள். அந்தப் பெண் மெதுவாக, ரொம்பக் கொஞ்சமாகச் சொன்னாள். மகளின் முகம் வெளுப்பதைப் பார்த்தேன். நாற்காலி, நாற்காலி என்று நான் தமிழில் கத்த, யாரோ ஒருவர் புரிந்துகொண்டு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார்.

“என்ன கண்ணு? என்ன சொல்றாங்க?” என்று மனைவி அவள் தோளைப் பிடித்தாள்.

“சொல்லாதே கண்ணு,” என்றேன்.

“அம்மா,” என்றாள் மகள். “இது சாமி இல்லம்மா. ஒரு அம்மா. இந்த எடத்துக்கே மொதல்ல வந்தவங்க. இங்கயே டெலிவரி ஆகி... பேபியும் போயிடுச்சாம். ரெண்டு பேரும் இதுக்குள்ளதான்.”

மனைவி பொங்கல் பாத்திரத்தை மகளின் மடியில் வைத்தாள். கல்லருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் அழப்போகிறாள், மகளும் அழுவாள், பிரஷர் ஏறும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்... கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“சாமி இல்லைன்னு யாரு சொன்னது?” என்றாள் அவள், திரும்பாமலேயே. “வயித்துச் சுமையெ எறக்காம போனவளுக்கு நம்மூர்ல சுமைதாங்கிக் கல்லு வெப்பாங்களே, மறந்துட்டீங்களா? நாலு பேரு தலைச்சுமையெ எறக்கி வெச்சா இவ பாரம் கொறையும்னு. அந்தக் கல்லெத் தாண்டிப் போறப்ப நாம கும்புடாமயா போறோம்?”

கல்லில் சரிந்திருந்த சிவப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆனா நான் பண்ணுனது தப்புங்க. இவகிட்டப் போயி எம்புள்ளைக்குக் குடுன்னு கேட்டனே. அவளுக்கே கெடைக்கலெ.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மருமகனை நிமிர்ந்து பார்த்து, “மாப்ள, இவளுக்கு யாராச்சும் ஒரு நாளாவது சோறு வெச்சாங்களான்னு அந்தப் பெரியவர்கிட்டக் கேளுங்க,” என்றாள்.

மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் கறாராக ஒன்று சொன்னார்: மஞ்சள் பூசக் கூடாது, தேய்க்கக் கூடாது, இந்தக் கல் உதிர்ந்துவிடும். பூ வைக்கலாம். சாப்பாடு வைக்கலாம்.

“குங்குமம்?” என்றாள் மனைவி.

“அதுவும் கூடாதாம் அத்தை.”

“சரி, பூவோட நிறுத்திக்கறேன். கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க.” எழுந்து மகளிடம் வந்தாள். “நீ என்ன கண்ணு, பயந்துட்டியா?”

“கொஞ்சம்,” என்றாள் மகள். மடியில் இருந்த பாத்திரத்தைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து அந்தத் தங்கை மகளிடம் நீட்டினாள். அவர்கள் பதிலுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் மகளின் பிரஷரை ஒரு தரத்துக்கு நாலு தரம் பார்க்கச் சொன்னேன். கூடியிருந்தது. ஆனால் முந்தைய நாளைவிட மோசமில்லை. அவள் அலுத்துப்போய், “அப்பா, உங்க கையைக் குடுங்க, உங்களுக்குப் பாக்கலாம்,” என்றாள். எனக்குத்தான் அதிகம் இருந்தது.

வலி சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே சோபாவில் உட்கார்ந்து எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மனைவி ஊரிலிருக்கும் குலசாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவளைக் கூப்புடலையா?” என்று கேட்டேன்.

“அவளெ எதுக்குங்க? அவ பட்டது போதாதா?”

கதவு திறந்து மருமகன் வெளியே வந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பெண் குழந்தை. இரண்டு பேரும் நல்லபடியாக இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை. மகளுக்குப் பத்தியச் சாப்பாடு. முதல் நாள் பூண்டுக் குழம்பு வைத்துச் சோற்றைப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு லேகியத்தை உருட்டி வைத்துக்கொண்டு, “சூட்டோட சாப்புடு கண்ணு, ஆறுனா வாயு புடிக்கும்,” என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாள். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுங்கினாள்.

அது முடிந்ததும் இன்னொரு கிண்ணத்தில் அதே சோறு, அதே குழம்பு, அதே அளவு லேகிய உருண்டை. “வாங்க, போயிட்டு வந்தரலாம்,” என்றாள்.

தோப்பில் புல்லை வெட்டி வைத்திருந்தார்கள். வேலிக்குள் இருந்த கல்லறைகள் இப்போது நன்றாகத் தெரிந்தன. எங்கள் கல்லின் எழுத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. சங்கத்துக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ, சோற்றுக்கு எறும்பு வருமோ, அதற்கு ஒரு கடிதம் வருமோ என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி கிண்ணத்தைக் கல்லின் முன்னால் வைத்தாள். மேலே மூடியிருந்த தட்டை எடுத்ததும் ஆவி பறந்தது.

“சூட்டோட சாப்புடு கண்ணு,” என்றாள் கல்லிடம். “ஆறுனா வாயு புடிக்கும்.”